தொண்டை வலியிலிருந்து வால்வு வரை: குழந்தைகள் இதயநோய் கேள்வி பதில்

பிறவிக் கோளாறாக அல்லாமல், பிறந்து வளரும்போது குழந்தையின் இதயத்தைப் பிடிக்கும் நோய்கள் குறித்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். மருந்தளவுகள் விஷயம் புரிவதற்காகத் தரப்படுகின்றன. உங்கள் பிள்ளைக்கான அளவை, எடை பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு, ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு இதய வால்வில் கோளாறு என்றது. பிறவியில் வந்தது இல்லையாம், இடையில் வந்ததாம். குழந்தைகளுக்கு இப்படி வருமா? எல்லா நாட்டிலும் உண்டா?
– அரசுப் பள்ளி ஆசிரியர், விழுப்புரம்

வரும். ஆனால் என்ன நோய் வரும் என்பது பிள்ளை எந்த நாட்டில், எந்த வீட்டில் வளர்கிறது என்பதைப் பொறுத்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் குழந்தைகளுக்கு இடையில் வரும் இதயநோய்களில் முதலிடம், காய்ச்சலோடு வந்து ரத்தக்குழாய்களைத் தாக்கும் கவாசாகி நோய்க்கு. இந்தியா, ஆப்பிரிக்க நாடுகள், பசிபிக் தீவுகள் போன்ற இடங்களில் முதலிடம், தொண்டைத் தொற்றுக்குப் பின் வரும் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெடும் ருமாட்டிக் இதயநோய்க்கு. 2015ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கீட்டின்படி சுமார் 3.34 கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்தது. அந்த ஓராண்டில் சுமார் 3.19 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள்.

ஒரு காலத்தில் இது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சாதாரணமாக இருந்த நோய்தான். பெனிசிலின் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே அங்கே குறையத் தொடங்கிவிட்டது. ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுத்துறங்கும் நிலை மாறியதும் தொண்டைக் கிருமி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது குறைந்ததே முக்கியக் காரணம். நம்மிடம் அந்த நெருக்கடி இன்னும் தீரவில்லை.

ருமாட்டிக் நோய்க்கு அப்பால் ஊருக்கு ஊர் பட்டியல் மாறும். தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இதய உறையில் காசநோய். உகாண்டா, மொசாம்பிக், கேரளக் கடலோரம் ஆகிய இடங்களில் இதயத்தின் உட்சுவர் தடித்துப்போகும் நோய். லத்தீன் அமெரிக்காவில் ரத்தம் உறிஞ்சும் ஒருவகைப் பூச்சி பரப்பும் சாகாஸ் நோய். தடுப்பூசி விட்டுப்போன இடங்களில் தொண்டை அடைப்பான். அதன் நஞ்சு, நோய் கண்ட முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே இதயத் தசையைத் தாக்கி, துடிப்பைத் தடுமாற வைக்கும். 10 வயதிலும் 16 வயதிலும் பள்ளியில் போடும் டி.டி. (Td) ஊசியில் தொண்டை அடைப்பானுக்கான மருந்தும் இருக்கிறது. அதை வெறும் 'செப்டிக் ஊசி' என்று நினைத்துத் தவறவிடாதீர்கள்.

உங்கள் பள்ளிக்கு வந்த குழு, 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். அது தேடும் நோய்களில் ருமாட்டிக் இதயநோயும் ஒன்று. மாணவியை எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். போனார்களா என்று விசாரியுங்கள். கூலி வேலையை விட்டுவிட்டு வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதால் பலர் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

என் மகனுக்கு வயது 7. இரவானால் கால் வலிக்கிறது என்று அழுகிறான். ரத்தப் பரிசோதனையில் 'ஏ.எஸ்.ஓ. 400' என்று வந்திருக்கிறது. ருமாட்டிக் காய்ச்சல், 21 நாளுக்கு ஒரு பெனிசிலின் ஊசி என்கிறார்கள். போடத்தான் வேண்டுமா?
– ஒரு தாய், திண்டுக்கல்

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால், அவசரப்பட வேண்டாம். ஏ.எஸ்.ஓ. என்பது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற தொண்டைக் கிருமி அண்மையில் உடம்புக்குள் வந்துபோனதற்கான தடயம், அவ்வளவுதான். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு அது கூடுதலாக இருக்கும். அவர்களில் மிகச் சிலருக்குத்தான் ருமாட்டிக் காய்ச்சல் வரும். ஒரு காகிதத்தில் இருக்கும் ஒரே ஒரு எண்ணை நம்பி ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கணக்கில் ஊசி போடுவது நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தவறு.

கண்டுபிடிக்க 'ஜோன்ஸ் அளவுகோல்' என்று ஒன்று இருக்கிறது. 1944இல் வந்தது, கடைசியாக 2015இல் திருத்தப்பட்டது. பெரிய அறிகுறிகள் ஐந்து: இதய அழற்சி, மூட்டு அழற்சி, கை கால் தானாகத் துடிக்கும் 'கோரியா', தோலில் வளைய வளையமான சிவப்பு, தோலுக்கடியில் வலியில்லாத சிறு முடிச்சுகள். சின்ன அறிகுறிகள்: காய்ச்சல், மூட்டு வலி, அழற்சியைக் காட்டும் ரத்த அளவுகளான ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. கூடுதல், ஈ.சி.ஜி.யில் பி.ஆர். இடைவெளி நீளுதல். பெரியது இரண்டு, அல்லது பெரியது ஒன்றும் சின்னது இரண்டும் இருக்க வேண்டும். அதோடு தொண்டைக் கிருமிக்கான தடயமும் வேண்டும். ஏ.எஸ்.ஓ.வுக்கு வேலை அந்தக் கடைசி இடத்தில் மட்டுமே.

2015 திருத்தத்தில் நமக்குப் பயன்படும் ஒரு மாற்றம் உண்டு. நோய் அதிகமுள்ள நாடுகளில் ஒரே ஒரு மூட்டு வீங்கினாலும், பல மூட்டுகளில் வீக்கமின்றி வலி மட்டும் இருந்தாலும், வேறு காரணங்கள் இல்லை என்று உறுதியானால் பெரிய அறிகுறியாகக் கணக்கில் எடுக்கலாம். ஸ்டெதாஸ்கோப்பில் கேட்காமல் எக்கோவில் மட்டும் தெரியும் வால்வுக் கசிவுக்கும் அதே மதிப்பு.

ருமாட்டிக் மூட்டுவலிக்கு ஒரு தனி நடை இருக்கிறது. முழங்கால், கணுக்கால், முழங்கை, மணிக்கட்டு போன்ற பெரிய மூட்டுகளில் வரும். இரண்டு நாள் ஒரு மூட்டு வீங்கிச் சிவந்து, தொட்டால் அலறும்படி வலிக்கும்; அது அடங்கும்போது அடுத்த மூட்டுக்குப் போகும். பிள்ளையால் நடக்க முடியாது. ஆஸ்பிரின் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் வலி ஓடிவிடும்; ஓடாவிட்டால் நோயே வேறாக இருக்கலாம். இதில் ஒரு சிக்கல்: மருந்துக்கடையில் வாங்கிய வலி மாத்திரையை முதல் நாளே கொடுத்துவிட்டால் இந்த நடை மறைந்துபோய், மருத்துவருக்கு ஒன்றும் புரியாது. காரணம் தெரியும்வரை பாராசிட்டமால் போதும்.

மாறாக, இரண்டு கெண்டைக்காலிலும் தொடையிலும் இரவில் மட்டும் வலித்து, தேய்த்துவிட்டால் தூங்கி, காலையில் எழுந்து ஓடியாடும் பிள்ளைக்கு இருப்பது வளர்ச்சி வலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டி, தேவையானால் ஒரு எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் ஏற்கெனவே உறுதியான நோய்க்காக ஊசி போடும் எந்தப் பிள்ளைக்கும் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது.

பேத்திக்கு மாதம் ஒரு முறையாவது தொண்டை வலி வருகிறது. எதற்கு மருந்து கொடுக்க வேண்டும், எதற்கு உப்புத் தண்ணீர் போதும்?
– ஒரு பாட்டி, திருவாரூர்

மூக்கு ஒழுகி, இருமல் வந்து, குரல் கம்மியிருந்தால் அது பெரும்பாலும் வைரஸ். உப்புத் தண்ணீர் போதும். 5 முதல் 15 வயதுக்குள், இருமல் இல்லாமல், திடீரென்று காய்ச்சலும் விழுங்க முடியாத வலியும் வந்து, டான்சில் சிவந்து வெள்ளை படிந்து, தாடைக்குக் கீழே நெறி கட்டித் தொட்டால் வலித்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸாக இருக்கலாம். அப்போது மருத்துவரிடம் போங்கள்.

வலி தொடங்கி 9 நாளுக்குள் மருந்து ஆரம்பித்தாலும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம். ஆகவே ஓரிரு நாள் தாமதத்துக்குப் பதற வேண்டாம். ஆனால் அமாக்சிசிலினோ பெனிசிலினோ வாய்வழியாகக் கொடுத்தால் முழுதாக 10 நாள் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டு, பிள்ளை விளையாடும். பலர் பாட்டிலை மூடி வைத்துவிடுவதும் அன்றுதான். தொண்டையில் மிச்சமிருக்கும் கிருமிதான் பிறகு தொல்லை தருவது. 10 நாள் கொடுக்க முடியாது என்று தோன்றினால் பென்சாத்தின் பெனிசிலின் ஒரே ஊசியில் வேலை முடிந்துவிடும்: 27 கிலோவுக்குக் கீழே 6 லட்சம் யூனிட், அதற்கு மேல் 12 லட்சம். டெட்ராசைக்ளினும் சல்ஃபா மாத்திரைகளும் இந்தக் கிருமியைத் தொண்டையிலிருந்து முழுதாக நீக்காது.

கிருமி தொண்டையில் இருக்க, இதயம் ஏன் கெடுகிறது என்று கேட்பவர்களுக்கு: கிருமியின் மேலுறைப் புரதத்துக்கும் இதயத் திசுவின் சில புரதங்களுக்கும் சாயல் ஒற்றுமை உண்டு. கிருமியை அடிக்கப் புறப்பட்ட எதிர்ப்பாற்றல், இரண்டு மூன்று வாரம் கழித்து இதயத்தையும் அடிக்கிறது.

11 வயது மகனுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ளது) கசிகிறது. 21 நாளுக்கு ஒருமுறை ஊசி. ஒவ்வொரு முறையும் போர்க்களம். சில இடங்களில் ஊசி போடவே பயப்படுகிறார்கள். எத்தனை வருடம்? ஒன்றிரண்டு விட்டுப்போனால் என்ன ஆகும்? மாத்திரை கூடாதா?
– ஒரு தந்தை, தருமபுரி

முதல் காய்ச்சலில் கெடும் வால்வைவிட, அடுத்தடுத்த காய்ச்சல்களில் கெடும் வால்வுகளே அதிகம். ஒருமுறை வந்த பிள்ளைக்கு அடுத்த தொண்டைத் தொற்றில் மீண்டும் வரும் வாய்ப்பு மற்ற பிள்ளைகளைவிடப் பல மடங்கு. ஏற்கெனவே கசியும் வால்வு ஒவ்வொரு முறையும் இன்னும் சுருங்கித் தடிக்கும். இந்தப் பென்சாத்தின் பெனிசிலின் ஊசி பழுதைச் சரிசெய்யாது, அடுத்த பழுதைத் தடுக்கும். லேசான கசிவு, காய்ச்சல் திரும்பாமல் பார்த்துக்கொண்டால், சில ஆண்டுகளில் பல பிள்ளைகளுக்கு மறைந்தே போகிறது.

எத்தனை வருடம் என்பதற்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது. இதயம் பாதிக்கப்படாதிருந்தால் கடைசிக் காய்ச்சலிலிருந்து 5 ஆண்டு அல்லது 18 வயது வரை; லேசான கசிவு இருந்தால் 10 ஆண்டு அல்லது 25 வயது வரை. இரண்டிலும் எது பிந்தியதோ அது. வால்வு மோசமாகக் கெட்டிருந்தாலும், அறுவை சிகிச்சை ஆகியிருந்தாலும் ஆயுள் முழுக்க. வால்வை மாற்றியாயிற்றே, இனி ஊசி எதற்கு என்று நிறுத்துகிறவர்கள் உண்டு. மற்ற வால்வுகள் இன்னும் உள்ளே இருக்கின்றன.

மருந்து ரத்தத்தில் மூன்று வாரத்துக்குப் பிறகு வேகமாகக் குறையும். அதனால்தான் நோய் அதிகமுள்ள இடங்களில் 28 நாளுக்குப் பதில் 21 நாள். 27 கிலோவுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு 6 லட்சம் யூனிட்டை 15 நாளுக்கு ஒருமுறை போடும் வழக்கமும் இந்தியாவில் இருக்கிறது. 21 நாள் கணக்கில் ஆண்டுக்கு 17 ஊசி. விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. தெரிந்த அன்றே போட்டு, அன்றிலிருந்து 21 நாள் எண்ணுங்கள். ஊருக்குப் போகிறீர்களா, இரண்டு நாள் முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள், முந்துவதில் தவறில்லை. தேதியை வீட்டு நாட்காட்டியில் ஆண்டு முழுக்கக் குறித்துவிடுங்கள்.

இனி வலி. இந்த மருந்து தண்ணீர் போலக் கரையாது, சுண்ணாம்புப் பால் போலக் கலங்கலாக நிற்கும். மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் இன்னொரு குத்து. 21 அல்லது 23 எண் ஊசி வேண்டும். பொடியில் சுத்திகரித்த நீரைச் சேர்த்துக் குலுக்கி, படிவதற்குள் ஏற்றிப் போட்டுவிட வேண்டும். குப்பி ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியோடு இருக்கக் கூடாது. இடுப்பின் மேல் வெளிப்பகுதியிலோ தொடையிலோ ஆழமாகத் தசைக்குள், இரண்டு மூன்று நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்தினால் வலி குறையும். கொஞ்சம் லிக்னோகெய்ன் (மரத்துப்போக வைக்கும் மருந்து) சேர்த்துப் போடச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாம். ஒருமுறை வலப்பக்கம், அடுத்த முறை இடப்பக்கம். எக்காரணம் கொண்டும் ரத்தக்குழாய்க்குள் போகக் கூடாது. போடுபவர் பிஸ்டனைப் பின்னிழுத்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

பயத்தைப் பற்றி: 1991இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில் 32,430 ஊசிகளில் 4 பேருக்குக் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி வந்தது, ஒருவர் இறந்தார். அரிது, ஆனால் இல்லாததல்ல. அந்த அதிர்ச்சிக்கு மருந்தான அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். அட்ரினலின் இல்லாத இடத்தில் போட மறுத்தால் அவர்கள் செய்வது சரிதான். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள்.

வால்வு கடுமையாகக் கெட்டு, இதயம் தளர்ந்த பிள்ளைகளின் கதை வேறு. ஊசி வலியிலும் பயத்திலும் ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து, ஒவ்வாமை இல்லாமலே உயிர் போகக்கூடும் என்று அண்மைக் காலத்தில் கவனித்திருக்கிறார்கள். அமெரிக்க இதயச் சங்கம் 2022இல் இத்தகையவர்களுக்கு ஊசிக்குப் பதில் மாத்திரையைப் பரிந்துரைத்தது. பாதிப்பு எவ்வளவு என்பதை எக்கோ பார்த்துத்தான் சொல்ல முடியும், மருத்துவரிடம் கேளுங்கள். யாராக இருந்தாலும் வெறும் வயிற்றில் போடாமல், சாப்பிட வைத்து, தண்ணீர் குடிக்க வைத்து, படுக்க வைத்துப் போடுவது நல்லது. மற்றப் பிள்ளைகளுக்குப் பெனிசிலின் மாத்திரை தினமும் இருவேளை, ஆண்டுக்கணக்கில் தவறாமல் விழுங்கினால்தான் பலன் தரும். வலியில்லாத மாத்திரை எளிதில் மறந்துபோகும், அதனால் எங்கள் வாக்கு ஊசிக்கே.

எக்கோ ஸ்கேனில் ருமாட்டிக் இதயநோய் 'ஆரம்ப நிலை, வெளியே சத்தம் கேட்கவில்லை' என்கிறார்கள். இதற்கும் ஊசியா?
– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

ஆமாம், இப்போது அதற்கு ஆதாரம் இருக்கிறது. கம்போடியாவிலும் மொசாம்பிக்கிலும் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்டெதாஸ்கோப் கண்டதைப்போல் சுமார் பத்து மடங்கு பேரை எக்கோ கண்டுபிடித்தது. இவர்களுக்கு ஊசி தேவையா என்று உகாண்டாவில் 818 பிள்ளைகளிடம் இரண்டாண்டு பார்த்தார்கள். ஊசி போட்டவர்களில் 0.8 சதவீதத்தினருக்கும், போடாதவர்களில் 8.2 சதவீதத்தினருக்கும் நோய் முற்றியது.

வகுப்பில் ஒரு பெண், வயது 10. கையெழுத்து கிறுக்கலாகிவிட்டது. கையிலிருப்பதைக் கீழே போடுகிறாள், முகத்தைச் சுளிக்கிறாள், காரணமில்லாமல் அழுகிறாள். பேய் பிடித்ததாக வீட்டில் சொல்கிறார்கள்.
– ஒரு ஆசிரியை, சேலம்

இது கோரியாவாக இருக்கலாம். உங்கள் இரு விரல்களை அவள் கையில் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். பிடி மாட்டைக் கறப்பது போல இறுகி இறுகித் தளர்ந்தாலோ, நாக்கை நீட்டி வைத்திருக்க முடியாமல் உள்ளே இழுத்துக்கொண்டாலோ உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். தூங்கும்போது இந்தத் துடிப்புகள் நின்றுவிடும். தொண்டைத் தொற்று ஆகி ஒன்று முதல் ஆறு மாதம் கழித்து வருவதால் ஏ.எஸ்.ஓ., ஈ.எஸ்.ஆர். இரண்டும் சாதாரணமாக இருக்கலாம். வேறு காரணம் இல்லையென்றால் கோரியா மட்டுமே ருமாட்டிக் காய்ச்சலை உறுதிசெய்யப் போதும். சில வாரம் முதல் சில மாதத்தில் துடிப்பு தானாக அடங்கிவிடும். அடங்கியபின் எக்கோ எடுக்காமலும் ஊசி தொடங்காமலும் விட்டுவிடுவதுதான் ஆபத்து. தேர்வில் அவளுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

மூன்று வயது மகனுக்கு ஆறு நாளாகக் காய்ச்சல். ஆன்டிபயாட்டிக் கேட்கவில்லை. கண் சிவந்திருக்கிறது, பீளை இல்லை. கவாசாகியாக இருக்குமா?
– ஒரு தாய், கோயம்புத்தூர்

இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் நாள் கடந்திருக்கும்; மற்றவர்களுக்காகவும் சேர்த்துச் சொல்கிறோம். ஐந்து நாளோ அதற்கு மேலோ நிற்கும் காய்ச்சலோடு, பீளையில்லாத கண் சிவப்பு, வெடித்துச் சிவந்த உதடும் நாக்கும், உடம்பில் தடிப்பு, கை கால் வீக்கம், கழுத்தில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் நெறி என்ற ஐந்தில் நான்கு இருந்தால் கவாசாகி. பி.சி.ஜி. தழும்பு சிவந்து வீங்குவதும் ஒரு துப்பு. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையிடம் இவை எதுவுமே இல்லாமல் காய்ச்சல் மட்டும் ஏழு நாள் நிற்கலாம். அவர்களுக்குத்தான் இதயத்தின் ரத்தக்குழாய் புடைக்கும் ஆபத்து அதிகம்.

சிகிச்சை கிலோவுக்கு 2 கிராம் இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்புப் புரத மருந்து), 10 முதல் 12 மணி நேரம் சொட்டு சொட்டாக, கூடவே ஆஸ்பிரின். காய்ச்சலின் பத்தாம் நாளுக்குள் கொடுத்தால், நாலில் ஒருவருக்கு வரக்கூடிய புடைப்பு, இருபதில் ஒருவர் அளவுக்குக் குறையும். 12 கிலோ பிள்ளைக்கு 24 கிராம் மருந்து வேண்டும். விலை அதிகம் என்பதால் பெற்றோர் தயங்கும் நாட்கள்தான் கைவிட்டுப் போகும் நாட்கள். முதலமைச்சர் காப்பீட்டில் கிடைக்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அன்றே கேளுங்கள். மருந்து முடிந்து 36 மணி நேரத்துக்குப் பிறகும் காய்ச்சல் இருந்தால் அடுத்த கட்ட சிகிச்சை தேவை. தட்டம்மைக்கான எம்.எம்.ஆர்., சின்னம்மை தடுப்பூசிகளை 11 மாதம் தள்ளிப்போட வேண்டும். ஆஸ்பிரின் கொடுக்கும் காலத்தில் வீட்டில் யாருக்காவது சின்னம்மையோ ஃப்ளூவோ வந்தால் உடனே மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

நான்கு மாதக் குழந்தை, தாய்ப்பால் மட்டும்தான். மூச்சிரைத்து வலிப்பும் வந்தது. 'இதயம் பெரிதாகிவிட்டது, பம்ப் செய்யும் திறன் 20 சதவீதம்' என்றார்கள். பிழைக்குமா?
– ஒரு தந்தை, ராமநாதபுரம்

வலிப்பும் சேர்ந்து வந்தது என்பதால் முதலில் கால்சியம் பாருங்கள். தாய்க்கே வைட்டமின் டி குறைவாக இருந்து, குழந்தைக்குச் சொட்டு மருந்தும் கொடுக்காவிட்டால், இரண்டு முதல் ஆறு மாத வயதில் ரத்தக் கால்சியம் சரிந்து இதயத் தசை சுருங்கும் வலிமையை இழக்கும். இப்படி வரும் இதயத் தளர்ச்சி, கால்சியமும் வைட்டமின் டியும் கொடுத்தால் சில வாரம் முதல் சில மாதத்தில் பெரும்பாலும் முழுதாகச் சரியாகும். கால்சியத்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். நரம்புக்கு வெளியே கசிந்தால் தோல் வெந்துவிடும்.

இன்னொன்றும் கேட்கிறோம்: தாய்க்குப் பிள்ளைப்பேற்றுப் பத்தியம் என்று வெறும் வடித்த சோறும் ரசமும் மட்டுமா? லாவோஸ், கம்போடியா போன்ற நாடுகளில் இத்தகைய பத்தியத்தால் தயமின் (வைட்டமின் பி1) குறைந்து, பால் குடிக்கும் பிள்ளைக்கு பெரிபெரி வந்து இதயம் சட்டென்று தளர்வது தெரிந்த விஷயம். தயமின் ஊசி போட்டால் சில மணி நேரத்தில் முன்னேற்றம் தெரியும். சந்தேகம் இருந்தால் போட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

பிறந்ததிலிருந்து ஓராண்டு வரை தினமும் 400 யூனிட் வைட்டமின் டி கொடுக்க வேண்டும். கடையில் ஒரு மில்லிக்கு 400, 800 என்று இரண்டு அளவிலும் சொட்டு மருந்து கிடைக்கிறது. லேபிளைப் படித்துவிட்டு அளந்து கொடுங்கள். பெரியவர்களின் 60,000 யூனிட் பாக்கெட்டை நீங்களாகப் பிரித்துக் கொடுக்கவே கூடாது.

குளச்சல் பக்கம் சிறுவன் ஒருவனுக்கு வயிறு மட்டும் நீர் கோத்து வீங்கியிருக்கிறது. இங்குள்ள மணலால் இதயநோய் வரும் என்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகர், கன்னியாகுமரி

இதயத்தின் உட்சுவர் தடிக்கும் இந்த நோயை 1948இல் உகாண்டாவின் கம்பாலாவில் டேவிஸ் என்பவர் விவரித்தார். கேரளத்தில் நிறையப் பேருக்கு இருந்தது. அந்தக் கடலோரத்து மோனசைட் மணலிலுள்ள சீரியம் என்ற தனிமமும் உணவில் மக்னீசியக் குறைவும் சேர்ந்து காரணமாகலாம் என்று திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை மருத்துவ நிறுவனத்தின் வலியத்தான் கருதினார். அது நிரூபணமாகவில்லை. குடற்புழுவும் ஊட்டக்குறைவும்கூடச் சந்தேகப் பட்டியலில் உண்டு. கேரளத்தில் மணல் அப்படியே இருக்க, நோய் வெகுவாகக் குறைந்துவிட்டது. மொசாம்பிக்கின் இன்ஹரிமே பகுதியிலோ 1,063 பேரில் 211 பேருக்கு இருந்ததாக 2008இல் வெளியான ஆய்வு சொன்னது.

அந்தச் சிறுவனுக்கு மணலைவிட முதலில் சிறுநீர்ப் புரதமும் கல்லீரலும் பார்க்க வேண்டும். கழுத்து நரம்பு புடைத்திருந்தால் இதய உறை காசநோயால் இறுகியிருக்கிறதா என்று எக்கோவும் சி.டி.யும் தேவை. இறுகிய உறையை அறுவை சிகிச்சையில் உரித்தெடுத்தால் பிள்ளை நன்றாகிவிடுவான். ஆகவே இதைத் தவறவிடக் கூடாது.

16 வயது மகளுக்கு மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது. இந்த வயதிலா?
– ஒரு தாய், புதுக்கோட்டை

மேல்நாடுகளில் ருமாட்டிக் காய்ச்சலுக்கும் வால்வு சுருங்குவதற்கும் இடையே இருபது முப்பது ஆண்டு ஆகும் என்று எழுதிவைத்திருந்தார்கள். இந்தியாவில் 20 வயதுக்குள்ளேயே முற்றிய சுருக்கம் வருவதை டெல்லி மருத்துவர்கள் 1963இல் எழுதினார்கள். காய்ச்சல் திரும்பத் திரும்ப வருவது ஒரு காரணம்.

வால்வு இதழ்கள் மெலிதாக, சுண்ணாம்பு படியாமல், கசிவு குறைவாக இருந்தால் தொடை வழியாகப் பலூன் செலுத்தி விரிக்கலாம். இளவயதில் இதற்கு நல்ல பலன் உண்டு. வால்வை மாற்றுவது கடைசி வழி. உலோக வால்வு வைத்தால் ஆயுள் முழுக்க, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும், அதன் அளவு சரியா என்று பார்க்கும் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனையும் வேண்டும். அந்த மாத்திரை கருவின் 6 முதல் 12 வாரத்தில் குழந்தையின் எலும்பையும் மூக்கையும் பாதிக்கக்கூடும். பெண் பிள்ளைக்கு எந்த வால்வு என்பதை முடிவு செய்யும் நாளிலேயே இதையும் மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். கல்யாணப் பேச்சின்போது மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைப்பதும் பிறகு மருந்தை ரகசியமாக நிறுத்துவதும் உயிருக்கே ஆபத்து.

வால்வு நோயுள்ள பிள்ளைக்குச் சொத்தைப் பல் பிடுங்கலாமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பிடுங்கலாம், சொத்தையை வைத்திருப்பதுதான் கெடுதல். பல் மருத்துவரிடம் வால்வு நோயைச் சொல்லிவிடுங்கள். செயற்கை வால்வு இருந்தாலோ, முன்பு வால்வில் கிருமித் தொற்று வந்திருந்தாலோ, பிடுங்குவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன் ஒரு வேளை ஆன்டிபயாட்டிக் வேண்டும். 21 நாள் ஊசி இதற்கு ஈடாகாது. பெனிசிலின் பழகிய வாய்க் கிருமிகளுக்கு வேறு மருந்து தேவைப்படலாம். வால்வு நோயுள்ள பிள்ளைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நின்றால், ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் ரத்தத்தைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். ஒரு மாத்திரை உள்ளே போய்விட்டால்கூடக் கிருமி வளராமல் போகலாம். எந்தக் கிருமி என்று தெரியாமலே 4 முதல் 6 வாரம் நரம்பு வழி மருந்து கொடுக்க வேண்டிவரும்.